தாழ்வு மண்டல நாளில் கோவளம்: காலையில் அலைப்பலகை, மதியத்தில் கைட்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளாகச் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் அலைச்சறுக்குப் பழகி, ராமேஸ்வரத்தில் கைட்போர்டிங் (கைட் என்னும் பெரிய பட்டம் காற்றில் இழுக்க, பலகையில் நின்று நீர்மேல் ஓடும் விளையாட்டு) அடிப்படைப் பயிற்சியையும் முடித்த ஒருவர், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும் நாள்களில் அலையும் பெரிதாக வருகிறது, காற்றும் நன்றாக இருக்கிறது, அப்படியானால் ஒரே நாளில் இரண்டையும் செய்ய முடியுமா, எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது, எந்த நாளில் கரையிலேயே நின்றுவிடுவது என்று கேட்டிருக்கிறார்.

முடியும். ஆனால் அது புயல் நாளில் அல்ல, புயல் தொலைவில் இருக்கும் நாளில். சர்ஃபிங் செய்பவருக்கு வேண்டியது அலை மட்டுமே. காற்று இல்லாவிட்டால் மிக நல்லது, இருந்தால் அது தரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீச வேண்டும், ஏனென்றால் அந்த எதிர்க்காற்று அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடித்து, அது மடியும் கணத்தைச் சற்றுத் தள்ளிப்போட்டு, பரப்பை வழவழப்பாக்கித் தருகிறது. கைட்போர்டிங் செய்பவருக்குக் காற்றுதான் எல்லாம். ஆனால் அதே தரைக்காற்று அவருக்கு எமன், ஏனென்றால் கயிறு அறுந்தாலோ, கைட் நீரில் விழுந்து மீண்டும் எழாவிட்டாலோ, அது அவரைக் கரைக்குத் தள்ளாமல் நடுக்கடலுக்குக் கொண்டுபோகும். ஆகவே ஒரே நாளில் இரண்டும் வாய்க்க வேண்டுமானால், அலை முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்க வேண்டும், காலையில் காற்று தரையிலிருந்து மெல்ல வர வேண்டும், மதியத்தில் அது திசை மாறிக் கடலிலிருந்து கரைக்குச் சாய்வாக வீச வேண்டும். எனக்கு ஒரு பருவத்தில் இப்படி நான்கைந்து நாள்கள் கிடைத்தால் அதுவே நல்ல பருவம்.

முதலில் அலையைப் பற்றிச் சொல்கிறேன். கடலில் எழும் அலையின் உயரத்தை மூன்று காரணிகள் முடிவு செய்கின்றன: காற்றின் வேகம், அது எத்தனை மணி நேரம் தொடர்ந்து வீசியது, எவ்வளவு நீளமான நீர்ப்பரப்பின் மேல் வீசியது. புயலுக்குள் இந்த அலைகள் சிறியதும் பெரியதும் எல்லாத் திசைகளிலும் கலந்து குழம்பிக் கிடக்கும். அங்கிருந்து வெளியேறிப் பயணிக்கத் தொடங்கியதும் அவை தாமாகவே வரிசைப்படுகின்றன, ஏனென்றால் ஆழ்கடலில் இடைவெளி அதிகமுள்ள அலை வேகமாகச் செல்கிறது. இடைவெளி என்று நான் சொல்வது, ஒரு முகடு ஓரிடத்தைக் கடந்த பிறகு அடுத்த முகடு அங்கே வர எடுக்கும் வினாடிகள். இதை நினைவில் வைத்துக்கொள்ள ஓர் எளிய கணக்கு உண்டு: இடைவெளியின் வினாடிகளை 2.8ஆல் பெருக்கினால், அந்த அலைக்கூட்டம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது என்பது கிடைத்துவிடும். 10 வினாடி அலை மணிக்கு 28 கிலோமீட்டர்; 6 வினாடி அலை 17 கிலோமீட்டர். திரிகோணமலைக்குக் கிழக்கே, கோவளத்திலிருந்து 500 கிலோமீட்டர் தொலைவில் தாழ்வு மண்டலம் நிற்கிறது என்றால், அதன் 10 வினாடி அலைகள் ஏறக்குறைய 18 மணி நேரத்தில் நம் கரையைத் தொடும்; 6 வினாடிக் குட்டையலைகள் வருவதற்கு 30 மணி நேரம் ஆகும், அதற்குள் அவற்றில் பெரும்பகுதி வழியிலேயே அடங்கிவிடும். தொலைவு அலையைச் சலித்துத் தருகிறது என்று சொல்வது இதனால்தான். (வால்டர் மங்க் என்ற கடலியலாளர் 1963இல் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை கருவிகளை நிறுத்தி, தென்பெருங்கடல் புயல்களின் அலைகள் பசிபிக் முழுவதையும் கடந்து செல்வதைப் பின்தொடர்ந்து அளந்தார். அந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து கரையில் வந்து மடியும் ஒவ்வோர் அலையையும் நெடும்பயணம் முடித்து வந்த விருந்தாளியாகத்தான் என்னால் பார்க்க முடிகிறது.)

புதிதாக முன்னறிவிப்பைப் பார்க்கப் பழகுபவர்கள் உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது வழக்கம். ஒன்றரை மீட்டர் உயரமும் 6 வினாடி இடைவெளியும் உள்ள கடல், ஒன்றரை மீட்டர் உயரமும் 12 வினாடி இடைவெளியும் உள்ள கடல் ஆகிய இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் முகடுக்கு முகடு 56 மீட்டர்தான். இரண்டாவதில் அது 225 மீட்டர். அலைநீளத்தில் பாதி அளவுக்கு ஆழம் குறையும்போது அலை அடித்தரையை உணரத் தொடங்கும் என்பதால், குட்டையலை 28 மீட்டர் ஆழத்துக்கு வந்த பிறகே தரையை உணர்கிறது. நெட்டையலையோ நூறு மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலேயே உணர்ந்து, வேகம் குறைந்து, வளைந்து, கரைக்கு அருகில் கணிசமாக உயர்ந்து எழுகிறது. அலையின் ஆற்றல் உயரத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு மீட்டர் அலை இரண்டு மீட்டராக உயர்ந்தால் அது இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. இரண்டு ஆண்டுகள் பழகியவர் இந்த நான்கு மடங்கைத்தான் கணக்கில் விட்டுவிடுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் அறிவிப்பில் வரும் அலை உயரம், அந்தக் கடலில் எழும் அலைகளுள் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஆகவே 2 மீட்டர் என்று போட்டிருந்தால், மூன்று மணி நேரம் கடலில் இருக்கும் ஒருவர் ஒருமுறையாவது ஏறக்குறைய 3.7 மீட்டர் அலையைச் சந்திக்க வாய்ப்புண்டு. அது விதிவிலக்கல்ல, கணக்கின்படியே வருவது. கரையிலிருந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, அலை சிறியதாகத்தான் இருக்கிறது என்று இறங்குபவர் அந்தப் பெரிய வரிசை வருவதற்கு முந்தைய இடைவேளையைத்தான் பார்த்திருப்பார். அரை மணி நேரம் மணலில் உட்கார்ந்து, பெரிய வரிசைகள் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகின்றன, ஒரு வரிசையில் எத்தனை அலைகள், எங்கே முதலில் மடிகின்றன என்று எண்ணிப் பார்த்த பிறகே நான் பலகையைக் கையில் எடுப்பேன்.

அடுத்தது புயல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பது. நம் பகுதியில் புயல்கள் இடஞ்சுழியாக, அதாவது கடிகாரமுள் செல்லும் திசைக்கு எதிராகச் சுழல்கின்றன. மேற்கு நோக்கி நகரும் ஒரு புயலின் வடபுறத்தில் காற்று கிழக்கிலிருந்து கரையை நோக்கி வீசும். தென்புறத்தில் மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும். புயல் நாகப்பட்டினம் பக்கம் கரையேறினால், வடக்கே இருக்கும் கோவளத்துக்கு அலையும் கரைநோக்கிய காற்றும் சேர்ந்தே வரும். தெற்கே பாக் நீரிணைப் பக்கத்தில் தரைக்காற்று நீரைத் தள்ளிக்கொண்டு போவதால், "கடல் உள்வாங்கியது" என்ற செய்தி மறுநாள் நாளிதழில் வரும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்ததைப் போன்ற பாதை அது. அப்படிப் புயல் கரையை நெருங்கும் நாள் இரண்டு விளையாட்டுகளுக்கும் உரியதல்ல.

வேறொரு பாதையும் உண்டு. 2019இல் ஃபானி புயல் நிலநடுக்கோட்டுக்கு அருகில் உருவாகி, தமிழகத்துக்குள் வராமல் கடலிலேயே வடக்கு நோக்கி நகர்ந்து, மே 3 அன்று ஒடிசாவின் புரி அருகே கரையைக் கடந்தது. இப்படி ஒரு புயல் சென்னைக்குக் கிழக்கே கடந்து வடகிழக்கே சென்றுவிட்டால், அதன் தென்மேற்குப் புறத்தில் இருக்கும் நமக்குக் காற்று வடமேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும், அதாவது தரையிலிருந்து வரும். அலை ஏற்கெனவே வந்துகொண்டிருக்க, தரைக்காற்று அதைச் சீவிச் செதுக்கித் தர, சர்ஃபருக்கு அதைவிட நல்ல நாள் அமையாது. அதே நாளில், காற்று நன்றாக இருக்கிறதே என்று கைட்டைத் தூக்குபவர் திரும்பி வருவதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே புயல் வடக்கே நகரும் நாள்களில் கைட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்பது என் உறுதியான கருத்து. கையில் இருந்தால் விரிக்கத் தோன்றும்.

நீங்கள் கேட்ட "இரண்டும் ஒரே நாளில்" பெரும்பாலும் வாய்ப்பது நவம்பர், டிசம்பர் மாதங்களில், தாழ்வு மண்டலம் தென்மேற்கு வங்கக் கடலில் அதிகம் நகராமல் நிற்கும்போதுதான். அப்போது அது நமக்குத் தென்கிழக்கே இருக்கும். அலை கிழக்கு-தென்கிழக்கிலிருந்து வரும். பருவக்காற்றும் சுழற்சியும் சேர்ந்து நமக்கு வடகிழக்குக் காற்றைத் தரும். ஏறக்குறைய கிழக்கு நோக்கிய நம் கரைக்கு அது சாய்வாக வருவதால், கைட்டுக்கு ஏற்றது. வானிலைத் துறையின் அளவுகோலில் தாழ்வு மண்டலம் என்றால் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்றால் 50 முதல் 61, புயல் என்றால் 62 முதல் 88 கிலோமீட்டர் காற்று. இந்த எண்கள் மையத்தைச் சுற்றியுள்ள காற்றைக் குறிப்பவை. 500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நமக்கு அவற்றின் விளிம்புதான் கிடைக்கிறது, நமக்கு வேண்டியதும் அந்த விளிம்புதான்.

துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகளை நாம் எல்லோரும் செய்திகளில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் அவற்றின் பொருளைக் கவனித்தவர்கள் குறைவு. 1ஆம் எண்ணும் 2ஆம் எண்ணும் தொலைவு எச்சரிக்கைகள்: கடலில் எங்கோ புயல் உருவாகலாம், அல்லது உருவாகியிருக்கிறது என்று பொருள். 3ஆம் எண்ணிலிருந்து அது அந்தத் துறைமுகத்தையே குறித்துப் பேசத் தொடங்குகிறது. பலத்த காற்றுடன் கூடிய மோசமான வானிலை இங்கேயே வரப்போகிறது என்று பொருள். அலையைத் தேடிப் போகும் நான் 1, 2 எண் நாள்களில் முன்னறிவிப்பை உட்கார்ந்து படிப்பேன். சென்னையிலோ புதுச்சேரியிலோ 3 ஏறிவிட்டால் அன்று கடல் எனக்கில்லை. எத்தனை அழகான அலை வந்தாலும் இந்த விதியை நான் தளர்த்துவதில்லை.

இவ்வளவும் பொருந்திவந்த ஒரு நவம்பர் நாளை விரிவாகச் சொல்கிறேன். தாழ்வு மண்டலம் இரண்டு நாளாகத் திரிகோணமலைக்குக் கிழக்கே நின்றுகொண்டிருந்தது. முந்தைய நாள் மாலை கடல் தட்டையாக இருந்தும், கரையில் நீரின் ஏற்றிறக்கம் வழக்கத்தைவிட மெதுவாகவும் நீளமாகவும் இருந்தது. ஈரக்கோடு மணலில் மேலே ஏறி, வெகு நேரம் நின்று, பிறகு இறங்கியது. நெட்டையலைகள் வந்து சேரத் தொடங்கிவிட்டன என்பதற்கு அது முதல் அடையாளம். இரவு மழை நின்றுவிட்டது. காலை ஐந்தேகாலுக்குக் கோவளம் மணலில் நின்றபோது தரை குளிர்ந்திருந்ததால் வடமேற்கிலிருந்து மெல்லிய காற்று முதுகில் பட்டது. படகுகளின் அருகே வலையை உதறிக்கொண்டிருந்த மூத்த மீனவர் ஒருவரிடம், "அண்ணே, இன்னிக்கு எறங்குவீங்களா?" என்று கேட்டேன். அவர் கடலைப் பார்க்காமல் வானத்தின் தென்கிழக்கு மூலையைப் பார்த்துவிட்டு, "கிட்டத்துல போய்ட்டு ஒம்பது மணிக்குள்ள வந்துருவோம் தம்பி. மதியத்துக்கு மேல வாடை ஏறும். மேகம் கட்டுச்சுன்னா நீயும் கரையேறிடு" என்றார். கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று மீன்வளத் துறை அறிவித்த நாளிலும், அறிவிப்பு இல்லாதபோதும் அந்தக் குப்பத்துப் படகு எதுவும் கடலில் இறங்காத நாளிலும், நான் இறங்குவதில்லை. நாம் தத்தளித்தால் நம்மை மீட்கப் படகை எடுக்கப்போவது அவர்கள்தான். அவர்களே போகாத கடலில் நாம் இறங்கி, நமக்காக அவர்கள் உயிரைப் பணயம் வைக்கும்படி செய்ய நமக்கு எந்த உரிமையும் இல்லை.

ஐந்தே முக்காலுக்கு நீரில் இறங்கினேன். கோவளத்தின் பாறைமுனையில் தென்கிழக்கிலிருந்து வரும் அலை முதலில் தெற்கு விளிம்பில் மடியத் தொடங்கி, அந்த மடிப்பு வடக்கு நோக்கி ஓடும். கரையைப் பார்த்து அலையில் ஏறுபவருக்கு அது வலப்பக்கம் திறக்கும் அலை. வெறும் தென்திசை அலைகளில் பெரும்பகுதியை இலங்கைத் தீவு மறித்துவிடுவதால், தெற்கிலிருந்து சற்றேனும் கிழக்கே விலகி வரும் அலைகளுக்காகவே இந்தக் கரை காத்திருக்கிறது. இந்தத் தாழ்வு மண்டலம் அந்தக் கோணத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. இடைவெளியைக் கைக்கடிகாரத்தில் பார்த்தேன்: முகடுக்கு முகடு 10 வினாடி, சில வரிசைகளில் 11. உயரம் தோள் மட்டம், பெரிய வரிசையில் தலைக்கு மேல் ஒரு கை.

நெட்டையலையில் துடுப்பிடுவது குட்டையலையில் துடுப்பிடுவதைப் போன்றதல்ல என்பதை இறங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அலை நீங்கள் எதிர்பார்ப்பதைவிட வேகமாக அடியில் புகுந்து கடந்துவிடும். ஆகவே வழக்கமாகத் திரும்பும் இடத்துக்கு இன்னும் நான்கைந்து பலகை நீளம் வெளியே உட்கார்ந்து, முகடு தொலைவில் கருங்கோடாகத் தெரியும்போதே கையை வீசத் தொடங்க வேண்டும். பழக்கப்பட்ட குட்டைப் பலகையைவிட அரை அடி, ஓரடி நீளமான பலகையை எடுத்துச் செல்லுங்கள். அன்று மூன்றாவது வரிசையின் இரண்டாவது அலையில் ஏறினேன். எழுந்து நின்ற கணத்தில் காதில் ஓசை எதுவும் இல்லை; எதிரே நீர் கண்ணாடிச் சுவராக எழுந்து நின்று, அதன் உதட்டிலிருந்து தரைக்காற்று கிளப்பிய திவலை பின்புறமாகப் பறந்து முகத்தில் பட்டது. அலையின் அடிவரை இறங்கி, வலது விளிம்பை அழுத்தித் திரும்பி, மீண்டும் மேலேறியபோதும் சுவர் முன்னால் திறந்துகொண்டே போயிற்று. கால் தொடை நடுங்கும் வரை நீண்டது அந்த ஓட்டம்.

ஒன்பது மணிக்கு நான் கரையேறினேன். படகுகளும் சொன்னபடியே திரும்பிவிட்டன. காலையில் சர்ஃபிங் செய்த களைப்பு மதியத்துக் கைட்டுக்கு ஆபத்தானது என்பதால், சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரமாவது படுத்திருக்க வேண்டும். கை தளர்ந்தவர் கைட்டின் பாரை, அதாவது கயிறுகள் இணைந்த கைப்பிடிக் கம்பை, பிடித்துத் தவறான நேரத்தில் இழுத்துவிடுவார். கைட் அவருடைய களைப்பை மன்னிக்காது.

பதினொரு மணிக்குக் காற்று வடகிழக்குக்குத் திரும்பியது. பன்னிரண்டரைக்கு அளந்தபோது 17 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்), ஒன்றரைக்கு 20. எழுபது கிலோ எடையுள்ள எனக்கு இந்தக் காற்றில் 9 சதுர மீட்டர் கைட் பொருத்தம். சாதாரண நாளில் 12ஐ எடுத்திருக்கக்கூடிய காற்றிலும், புயல் விளிம்பு நாளில் ஓர் அளவு சிறியதையே எடுக்க வேண்டும். காற்றின் இழுவிசை அதன் வேகத்தின் இருமடியாக ஏறுகிறது: 20 நாட்டில் உங்களைச் சுகமாக இழுத்துச் செல்லும் அதே கைட், மழைமேகத்தின் முன்னால் வரும் 35 நாட் வீச்சில் மூன்று மடங்கு இழுக்கும். அந்த வீச்சுக்கு முன்னறிவிப்பு இருக்கிறது. முதலில் தொடுவானத்தில் மேகத்தின் அடிப்பகுதி நேர்கோடாக, கரும்பலகையைப் போல் தெரியும். அதன் கீழே கடல் சாம்பல் நிறமாக, சுரசுரப்பாக மாறும். பிறகு வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று ஓய்ந்து, கைட் துவளும். அந்த ஓய்வுக்குப் பின் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டுவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஓய்வை நான் தவறாகப் படித்தேன். காற்று அடங்குகிறது, இன்னும் ஒரு சுற்று போய்விட்டு வரலாம் என்று கரையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றிருந்தபோது வீச்சு வந்தது. கைட்டின் இழுவையை ஒரே தள்ளலில் துண்டிக்கும் குவிக் ரிலீஸை விடுவிப்பதற்குப் பதிலாகப் பயத்தில் பாரை உள்ளே இழுத்தேன். அது கைட்டுக்கு முழு விசையையும் கொடுத்தது. நீரிலிருந்து தூக்கி, ஈரமணலில் தோள்பட்டையால் இறக்கியது. எட்டு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. மணலுக்குப் பதிலாக அங்கே பாறை இருந்திருந்தால் இதை எழுதுவதற்கு நான் இருந்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கைட்டை ஏற்றுவதற்கு முன், கண்ணை மூடிக்கொண்டு கையை ரிலீஸுக்குக் கொண்டுபோய் மூன்று முறை தள்ளிப் பார்ப்பேன். நீங்களும் அதைச் செய்யுங்கள். விரல்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மூளைக்கு அப்போது நேரம் இருக்காது.

இடத்தேர்வில் சர்ஃபரின் கணக்கும் கைட்டரின் கணக்கும் மறுபடியும் எதிரெதிர். காலையில் பாறைமுனைதான் என் துணை. மதியத்தில் அதுவே பகை. வடகிழக்குக் காற்றில் கட்டுப்பாடு இழப்பவர் தென்மேற்கே தள்ளப்படுவார். ஆகவே அவருக்குத் தெற்கே பாறை, தூண்டில் வளைவு, நிறுத்திய படகுகள், மின்கம்பம், ஆள்கூட்டம் எதுவும் இருக்கக் கூடாது. மீன்பிடி ஊர்களில் கடலுக்குள் நீட்டிக் கொட்டப்பட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்கள் கைட்டருக்கு மிகக் கொடியவை. நான் பாறைகளையும் படகுகளையும் வடக்கே விட்டுவிட்டு, தெற்கே வெறும் மணல் நீளும் இடம் வரை நடந்துபோய்த்தான் கைட்டைக் காற்றடித்தேன். முன்விளிம்புக் குழாயில் காற்றை அழுத்தி நிரப்பி, அது சுண்டினால் கணீரென்று ஒலிக்கும்வரை பார்க்க வேண்டும். (முன்விளிம்பில் காற்று நிரப்பும் இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் கடலில் விழுந்த கைட் மீண்டும் எழாது, பிரான்ஸின் லெகெய்னூ சகோதரர்கள் 1984இல் இதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.) நான்கு கயிறுகளையும் ஒவ்வொன்றாக விரலிடையில் ஓடவிட்டு முடிச்சும் சிக்கலும் பார்த்தேன். கூட வந்த நண்பர் கைட்டைப் பிடித்துக் கொடுக்க, காலடியில் அலை வந்து திரும்பிய இடைவேளையில் ஏற்றினேன்.

ராமேஸ்வரத்தில் பயின்றவருக்கு இங்கேதான் பெரிய வேறுபாடு தெரியும். பாக் நீரிணை ஆழம் குறைந்தது, தெற்கத்திப் பேரலைகளுக்கு ராமர் பாலமும் இலங்கையும் கதவடைத்திருக்கின்றன. ஆகவே அங்கே காற்று உண்டு, அலை இல்லை. தட்டையான நீரில் கைட் விழுந்தால் பொறுமையாக எழுப்பலாம். அலையுள்ள கடலில் கைட் விழுந்தால் அடுத்த அலை அதன்மேல் மடியும். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை, துணி கிழியும், குழாய் வெடிக்கும், கயிறுகள் உங்களைச் சுற்றும். அலையில் ஏறிக் காற்றோடு ஓடும்போது நீங்களே கைட்டை நோக்கி நெருங்குவதால் கயிறு தளர்ந்து, கைட் பின்னால் விழப்பார்க்கும். அதைத் தொடர்ந்து நகர்த்திக்கொண்டே இருந்தால்தான் கயிறு விறைப்பாக நிற்கும். ஆகவே உங்களுக்கு என் நேரடியான பதில்: அலை இடுப்பு மட்டத்தைத் தாண்டாத வடகிழக்குக் காற்று நாள்களில் கோவளத்தில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு முறை கைட் ஓட்டி, ஆழத்தில் கைட்டைச் சுருட்டிக்கொண்டு அதன்மேலேயே மிதந்து கரைசேரும் தற்காப்பு முறையை அலைக்குள் இரண்டு முறையாவது செய்து பார்த்த பிறகே, தாழ்வு மண்டல நாளின் மதியத்தை நினையுங்கள். இந்தப் பருவத்தில் காலை மட்டும் உங்களுக்குப் போதும்.

அன்று இரண்டு மணி நேரம் ஓட்டினேன். காலையில் வடக்கு நோக்கி ஓடிய அலைகளை விட்டுவிட்டு, மணல்திட்டில் தெற்கு நோக்கி மடியும் அலைகளைத் தேர்ந்தெடுத்தேன், காற்றோடு இறங்குவதற்கு அவைதான் ஏற்றவை. காற்று எழுப்பிய குறுக்கலைகள் நெட்டையலையின் முதுகில் ஏறிக்கொண்டதால், காலையில் கண்ணாடியாக இருந்த கடல் இப்போது உழுத நிலத்தைப் போல் இருந்தது. சர்ஃபருக்கு அது பாழான கடல். கைட்டருக்கு ஒவ்வொரு மேடும் ஓர் எகிறுதளம். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கின் முதல் அலைச்சறுக்குப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடல் நினைவிருக்கும்: நெபார்டக் என்ற வெப்பமண்டலப் புயல் ஜப்பானை நெருங்கி வந்ததால் சூரிகசாகி கடற்கரையில் அலையும் காற்றும் ஒருங்கே ஏறின, இறுதிச்சுற்று முன்கூட்டியே ஜூலை 27க்கு மாற்றப்பட்டது, ஆடவர் இறுதியில் பிரேசிலின் இத்தாலோ ஃபெரெய்ராவின் பலகை தொடக்கத்திலேயே உடைந்தும், வேறு பலகையுடன் வந்து அவர் தங்கம் வென்றார். புயல் நெருங்கினால் அலையின் ஒழுங்கு எப்படிக் குலையும் என்பதை அந்தப் போட்டியைப் போல் தெளிவாகக் காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை.

நீரைப் பற்றியும் ஒரு சொல். கனமழைக்குப் பின் கோவளத்துக்கு வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம் வழியாக வெள்ளநீர் கடலுக்குள் பாயும். அதோடு மரத்துண்டும் தென்னைமட்டையும் அறுந்த வலையும் ஊரின் கழிவும் வரும். கடல் செம்மண் நிறமாக இருக்கும் நாளில் காது, வயிறு இரண்டும் கெடும். மிதக்கும் மரம் பலகையோடு ஆளையும் அடிக்கும். முகத்துவாரத்துக்கு அருகில் எந்த நாளிலும் இறங்காதீர்கள். அலை பெரிதாகும்போது கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமும் வலுக்கும். மடிப்பே இல்லாமல் அமைதியாக, சற்றே கலங்கலாகத் தெரியும் அந்த வாய்க்கால்தான் சுற்றுலாப் பயணிகள் பாதுகாப்பானது என்று நம்பி இறங்கும் இடம். அதற்கு எதிராக நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களோடு வரும் நண்பர்களுக்கும் சொல்லுங்கள்.

புயலே இல்லாத நாளிலும் இந்த ஆபத்து உண்டு. தென்பெருங்கடல் புயல்களின் அலைகள் பல நாள் பயணித்து, தெளிந்த வானத்தின் கீழே திடீரென்று கரையேறுவதைக் கேரளத்திலும் குமரியிலும் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அந்த நாளுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அந்த ஐந்து பேரும் நம்மைப் போல் அலைச்சறுக்க வந்தவர்கள்கூட அல்ல. அதன்பின் முன்னறிவிப்பைப் பார்க்காமல் நான் எந்தக் கடற்கரைக்கும், குழந்தைகளோடு காற்று வாங்கப் போகும்போதுகூட, போவதில்லை.

அந்த நவம்பர் நாளின் முடிவு இதுதான். மூன்றே முக்காலுக்குத் தென்கிழக்கில் மேகத்தின் அடிப்பகுதி நேர்கோடாகத் தெரிந்தது. காற்று அப்போதும் 20 நாட்தான், அலையும் நன்றாக இருந்தது, என்னோடு இருந்த இருவர் இன்னும் பத்து நிமிடம் என்று சைகை காட்டினார்கள். நான் கரையேறி, கைட்டை இறக்கி, மணலை அள்ளி அதன்மேல் போட்டு அமுக்கிவிட்டு, அவர்களை இரு கையையும் தலைக்கு மேல் குறுக்காக வீசி அழைத்தேன். கடைசிக் கயிற்றைச் சுற்றி முடிப்பதற்குள் காற்று ஓய்ந்தது. பிறகு மணல் கணுக்காலில் ஊசியாகக் குத்தியது. படகுகளுக்கு மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த காலை நேரத்து அண்ணன் எங்களைப் பார்த்து, மூவரும் வந்தாயிற்றா என்று விரலால் எண்ணிக் காட்டினார். மறுநாள் துறைமுகத்தில் 3ஆம் எண் ஏறியது. அதற்குப் பிறகு ஆறு நாள் எந்தப் படகும் கடலில் இறங்கவில்லை, நாங்களும் இறங்கவில்லை.